பிளக்கில் சொருகினா பில் குறையாது

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்களில் ஒண்ணுக்கு மட்டும் நிகழ்ச்சியில் பதில் சொல்ல நேரம் கிடைக்கல. ஷார்ஜாவிலிருந்து ஒரு காலேஜ் பையன் அனுப்பினது. அம்மா ஆன்லைனில் ஒரு ‘பவர் சேவர்’ வாங்கியிருக்காங்களாம். சுவர் சாக்கெட்டில் சொருகினால் போதும், கரண்ட் பில் 40 சதவீதம் குறையும்னு அட்டைப்பெட்டியில் அச்சடிச்சிருக்கு. சொருகியாச்சு, பச்சை விளக்கும் எரியுது. “அண்ணா, இது நிஜமா வேலை செய்யுமா?”

செய்யாது தம்பி. ரிட்டர்ன் பண்ண இன்னும் நாள் இருந்தால் இன்னைக்கே பண்ணிடுங்க.

ஆனால் வீட்டில் போய் “இது டுபாக்கூர்”னு மட்டும் சொன்னால் எடுபடாது. “பக்கத்து ஃப்ளாட்டில் வாங்கினாங்க, அவங்களுக்குக் குறைஞ்சுதே”ன்னு பதில் வரும். குறைஞ்சிருக்கும். செப்டம்பரில் வாங்கிவிட்டு நவம்பர் பில்லைப் பார்த்தால் இங்கே யார் வீட்டிலும் பில் குறையத்தான் செய்யும், வெயில் இறங்கியிருக்கும் இல்லையா. அதனால் காரணத்தோடு பேசணும். அந்தக் காரணம் உங்க கட்டடத்தின் தரைத்தளத்திலேயே, மின்னல் படம் போட்ட ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால் உறுமிக்கிட்டு நிக்குது. டிரான்ஸ்ஃபார்மர்.

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருஷம் எலக்ட்ரிகல் ஒரு பேப்பர் உண்டு, பாஸ் ஆனால் போதும்னு எல்லாரும் படிக்கிற பேப்பர். ஆனால் அந்தப் பாடத்திலேயே எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆச்சரியம் குறையாத சாமான் இது. ஓடுற பாகம் ஒண்ணுகூட இல்லை. மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு சட்டம். அதில் ஒரு கம்பிச்சுருளில் நிறையச் சுற்று, இன்னொன்றில் குறைவான சுற்று. இரண்டு சுருளுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது. முதல் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் இரும்புக்குள் ஒரு காந்தப்புலத்தை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் புரட்டுது. புரளும் புலம் இரண்டாவது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிக் கண்டுபிடிச்சது. அதை ஊருக்கே கரண்ட் கொடுக்கிற கருவியாக்கினது 1885-ல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் மூணு பொறியாளர்கள்: சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி.

இது செய்யும் வேலையைப் புரிஞ்சுக்க நமக்கு ஃபிசிக்ஸ் புத்தகம் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் போதும். சம்பளம் வந்ததும் அப்பா திர்ஹாமைக் கொடுத்து ஊருக்கு ரூபாய் அனுப்புறார். நோட்டு எண்ணிக்கை இருபது மடங்குக்கு மேல் கூடுது. அதுக்காக அப்பா பணக்காரர் ஆயிட்டாரா? எண் மாறுச்சு, மதிப்பு மாறல. நடுவில் ஒரு சின்ன கமிஷன் போச்சு. டிரான்ஸ்ஃபார்மரும் அதேதான். நம்ம கட்டடத்துக்கு 11,000 வோல்ட்டில் வருவதை 400 வோல்ட்டாக இறக்கித் தருது. ஒரு ஃபேஸில் அது உங்க சாக்கெட்டின் 230. வோல்ட் 27.5-ல் ஒரு பங்காகக் குறையும்போது ஆம்பியர் 27.5 மடங்கு கூடும். இரண்டையும் பெருக்கினால் வரும் வாட் மட்டும் அப்படியே இருக்கும், கமிஷன் நீங்கலாக.

இதில் எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு. நீங்க எட்டாவது மாடியில் ஏசி ஆன் செய்றீங்க. கீழே 11,000 வோல்ட் பக்கத்துச் சுருளுக்கு அது எப்படித் தெரியும்? கம்பித் தொடர்புதான் இல்லையே. இரண்டாவது சுருளில் கரண்ட் ஓடத் தொடங்கினதும் அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, முதல் புலத்தை எதிர்க்கும். இரும்பில் புலம் இறங்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட முதல் சுருள் வெளி லைனிலிருந்து கூடுதல் கரண்ட்டை இழுக்கும். அங்கிருந்து சப்ஸ்டேஷன், அங்கிருந்து ஜெனரேட்டர் வரைக்கும் இந்த இழுப்பு போய்ச் சேரும். நடுவில் பஃபர் இல்லை, கேஷ் இல்லை, கடன் வசதி இல்லை. நீங்க எடுக்கிற ஒவ்வொரு வாட்டும் அந்த நேரத்தில் எங்கேயோ ஒரு எரிவாயு டர்பைனோ, பராக்கா அணு உலையோ, பாலைவனத்து சோலார் தகடோ தந்தது.

சரி, எண்ணை எதுக்கு மாத்தணும்? கம்பியில் வீணாகும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால்தான். ஒரு ஓம் மின்தடை உள்ள லைனில் 1 மெகாவாட் அனுப்பணும்னு வெச்சுக்கோங்க. 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 91 ஆம்பியர் ஓடும், 8 கிலோவாட்டுக்கு மேல் கம்பியிலேயே சூடாகிப் போயிடும். அதையே 1,32,000 வோல்ட்டில் அனுப்பினால் ஏழரை ஆம்பியர்தான், வீணாவது 57 வாட். ஒரு சின்ன ஃபேன் அளவு. 230 வோல்ட்டில் அனுப்பப் பார்த்தால் கணக்கே உடைஞ்சுபோகும். கம்பியே 4,000 வோல்ட்டுக்கு மேல் தின்னும், நம்மகிட்ட இருக்கிறதே 230. இதனால்தான் துபாயில் 400 கிலோவோல்ட், 132, 11, அப்புறம் வீடு என்று படிப்படியா இறக்குறாங்க. உற்பத்தியிலிருந்து மீட்டர் வரைக்கும் லைன் இழப்பு சுமார் 2 சதவீதம்தான்னு தேவா சொல்லுது. இந்தியாவில் கணக்கிடும் முறை வேற, திருட்டும் வசூலாகாத பில்லும் அதில் சேரும், அங்கே அது 15, 16 சதவீதம்.

டிரான்ஸ்ஃபார்மரின் கமிஷனும் அப்படித்தான் கசக்கிப் பிழியப்பட்டிருக்கு. 1,000 கேவிஏ எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா நிற்கும்போது 693 வாட்டுக்கு மேல் தின்னக்கூடாதுன்னு ஐரோப்பாவில் 2021 முதல் விதி. அதாவது அதன் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூற்று நாற்பது வருஷமா உலகத்துப் பொறியாளர்கள் அரை சதவீதத்துக்கும் கால் சதவீதத்துக்கும் மல்லுக்கட்டியிருக்காங்க. அவங்க எல்லாரும் கவனிக்காமல் விட்ட 40 சதவீதம், இருபது திர்ஹாம் பெட்டி ஒண்ணு வந்து எடுக்கட்டும்னு உங்க வீட்டு வயரில் காத்துக்கிட்டு இருக்குமா? அம்மாகிட்ட கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் பச்சை எல்இடியும் இருக்கும். பாதி உண்மையை வெச்சு முழுப் பொய் விக்கிறாங்க. மோட்டார் மாதிரி சாமான்கள் நிஜ மின்சாரத்தோட, வந்துட்டுத் திரும்பிப் போகும் ஒரு கரண்ட்டையும் இழுக்கும். டம்ளரில் கரக் டீக்கு மேல் நுரை மாதிரி. இடத்தை அடைக்கும், குடிக்க முடியாது. கெப்பாசிட்டர் அந்த நுரையைக் குறைக்கும், உண்மைதான். நுரை அதிகமான தொழிற்சாலைக்குத் தமிழ்நாட்டு மின்வாரியம் அபராதமே போடும், அதனால் அங்கே பெரிய கெப்பாசிட்டர் பேங்க் வைப்பாங்க. ஆனால் உங்க வீட்டு மீட்டர் டீயை மட்டும்தான் அளக்குது. நுரைக்குக் காசு வாங்காத கடையில் நுரையைக் குறைச்சு என்ன மிச்சம்?

ஊருக்குப் போகும்போது தாத்தா வீட்டில் இதே விதியின் இன்னொரு முகத்தைப் பார்த்திருப்பீங்க. சாயங்காலம் ஏழு மணி, லோ வோல்டேஜ், ஃபேன் சோம்பலாச் சுத்துது. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஸ்டெபிலைசர் ‘டக்’குனு சத்தம் போடும், வோல்டேஜ் சரியாயிடும். அதுவும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர்தான், சுற்று எண்ணிக்கையை மாத்தி மாத்திப் போடுற ரகம். 180 வோல்ட்டை 230 ஆக்கித் தருது. இலவசமாவா? 230-ல் 5 ஆம்பியர் எடுக்கும் சாமானுக்கு இப்போ தெருக்கம்பியிலிருந்து 6.4 ஆம்பியர் இழுக்குது. அந்த சாமானுக்காகக் கம்பியில் வீணாகும் சூடு 1.6 மடங்கு. கம்பியில் இழுப்பு கூடினதால் தெருவுக்கே வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். அடுத்த வீட்டு ஸ்டெபிலைசர் ‘டக்’. அதுக்கடுத்த வீட்டில் ‘டக்’. தெருவில் எல்லாரும் ஸ்டெபிலைசர் வாங்கினால் எல்லாருக்கும் நிலைமை மோசமாகும், குறிப்பா வாங்க வசதியில்லாத கடைசி வீட்டுக்கு. அங்கே தேவைப்படுவது இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர், அதுவும் தெருமுனைக் கம்பத்தில்.

இங்கே எமிரேட்ஸில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பக்கத்து நாட்டில் வேற ஒண்ணு இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாத்தும், ஆம்பியரை மாத்தும். நொடிக்கு எத்தனை முறை புரளுது என்கிற ஃப்ரீக்வென்சியை மட்டும் தொடவே முடியாது. 50 உள்ளே போனால் 50-தான் வெளியே வரும். குவைத், பஹ்ரைன், கத்தார், எமிரேட்ஸ், ஓமன் எல்லாம் 50 ஹெர்ட்ஸ். நடுவில் பெரிசா உட்கார்ந்திருக்கும் சவுதி மட்டும் 60. ஆறு நாடும் ஒரே கிரிட்டாக இணையணும், ஒரு நாட்டில் ஜெனரேட்டர் விழுந்தால் மற்றவங்க கைகொடுக்கணும்னு 2001-ல் தம்மாமைத் தலைமையிடமா வெச்சு வளைகுடா மின் இணைப்பு ஆணையம் அமைச்சாங்க. அப்போ எதிர்ப்பட்ட சுவர் இந்தப் பத்து ஹெர்ட்ஸ்.

அதுக்கு விடை சவுதியின் கிழக்கு மாகாணத்தில் அல் ஃபதிலியில் இருக்கு. ஒரு பக்கத்து 60 ஹெர்ட்ஸ் கரண்ட்டை முழுக்க நேர்மின்னோட்டமாக்கி, அதே வளாகத்துக்குள்ளேயே மறுபடி 50 ஹெர்ட்ஸாக வெட்டித் தரும் நிலையம். நேர்மின்னோட்டத்துக்கு ஃப்ரீக்வென்சியே கிடையாது, அதனால் சண்டையும் இல்லை. ஒவ்வொன்றும் 600 மெகாவாட் வீதம் மூணு பகுதி, மொத்தம் 1,800. 2009-ல் முதல் நான்கு நாடுகள் இணைஞ்சது, 2011-ல் எமிரேட்ஸ். தமிழ்நாட்டில் இதன் பெரிய அண்ணன் ஒருத்தர் இருக்கார்: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் 800 கிலோவோல்ட்டில் வரும் நேர்மின்னோட்ட லைன், 6,000 மெகாவாட். அங்கே பிரச்சினை தூரம், இங்கே ஃப்ரீக்வென்சி. இரண்டிலும் மாற்றும் ஒவ்வொரு படியிலும் கமிஷன் போகுது. யாருக்கும் ஒரு வாட் கூடுதலாகக் கிடைக்கல. அவசரத்துக்குக் கடன் வாங்க ஒரு வழி கிடைச்சது, அதுவே பெரிய விஷயம்.

ஜித்தாவிலோ ரியாதிலோ வளர்ந்து இங்கே வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருக்கும் பழைய மைக்ரோவேவ் மாதிரி கனமான டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச சாமானை, ஸ்டெப் டவுன் பெட்டி போட்டு இங்கே ஓட்டலாம்னு கடைக்காரர் சொல்வார். வோல்ட் சரியாகும், 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். மெதுவாகப் புரளும் புலம் இரும்புக்குள் 20 சதவீதம் கூடுதலாகத் தேங்கும், இரும்பு நிறைஞ்சு வழியும், சுருள் சூடாகும். மின்லைனைப் பார்த்து நேரம் எண்ணும் கடிகாரமா இருந்தால் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். லேபிளில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் இருந்தால் கவலை இல்லை.

இதே விதியின் நல்ல பக்கம் உங்க பாக்கெட்டில் இருக்கு. ஃப்ரீக்வென்சி எவ்வளவு கூடுதோ அவ்வளவு சின்ன இரும்பு போதும். பழைய ரேடியோ அடாப்டர் செங்கல் மாதிரி கனக்கும், ஏன்னா அது 50 ஹெர்ட்ஸில் வேலை செய்தது. இன்னைய போன் சார்ஜர் கரண்ட்டை நொடிக்குப் பத்தாயிரக்கணக்கான முறை வெட்டி, விரல் நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மரில் விடுது. போன் இல்லாமல் சும்மா சொருகியிருந்தால் அது எடுப்பது 0.1 வாட்டுக்கு மேல் போகக்கூடாதுன்னு 2020 முதல் ஐரோப்பிய விதி. அந்த உச்ச அளவிலேயே வருஷம் முழுக்க விட்டு வெச்சாலும் 0.88 யூனிட். துபாயின் முதல் படிக்கட்டணம் யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ். ஆக வருஷத்துக்கு 20 ஃபில்ஸ். ஒன்றரை கிலோவாட் எடுக்கும் ஏசி அதை 35 நிமிஷத்தில் முடிச்சிடும்.

ஸ்கூலில் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ போஸ்டர் நீங்களும் வரைஞ்சிருப்பீங்க. கண்ணீர் விடும் பல்பு, சார்ஜரைக் கழட்டும் கை. எனக்கு அந்த போஸ்டர் மேல் கோபம் உண்டு. பொய் இல்லை, ஆனால் பார்வையைத் தப்பான பக்கம் திருப்புது. வளைகுடாவில் கோடைக்காலப் பில் என்பது குளிர்ச்சிக்கான பில். மற்றதெல்லாம் சில்லறை.

ஏசி மின்சாரத்திலிருந்து குளிரை உண்டாக்கல. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுது. ஒரு யூனிட் செலவழிச்சு சுமார் மூணு யூனிட் வெப்பத்தை நகர்த்தும். வெளியே 46 டிகிரி, உள்ளே 24 என்றால் மேடு 22 டிகிரி உயரம். 20-ல் வெச்சால் 26. மேடு உயர்ந்தால் இரண்டு வகையில் அடி விழும்: சுவர் வழியா உள்ளே வரும் வெப்பமும் கூடுது, ஒவ்வொரு யூனிட் வெப்பத்தையும் தள்ளும் செலவும் கூடுது. காகிதக் கணக்கில் இது 40 சதவீத வித்தியாசம். நிஜ வீட்டில் ஈரப்பதம், ஆட்கள், அடுப்பு எல்லாம் சேர்வதால் அவ்வளவு வராது. இந்தியாவின் எரிசக்தித் திறன் ஆணையம் டிகிரிக்கு 6 சதவீதம்னு சொல்லி, 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை ஏசிகள் 24-ல் தொடங்கணும்னு வெச்சது. பவர் சேவர் பெட்டி பொய்யாகச் சொன்ன 40-ல் பாதியாவது உங்க ரிமோட்டில் நிஜமா இருக்கு.

கீழே உறுமும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதில் பங்குண்டு. சர்வதேசத் தரம் அதுக்கு வழக்கமா எடுத்துக்கிற உச்ச வெளிவெப்பம் 40 டிகிரி; நம்ம ஜூலை அதைத் தாண்டும். சுருளுக்குச் சுற்றியிருக்கும் சாதாரணக் காகிதக் காப்பு, அதன் அளவு வெப்பநிலையைத் தாண்டி ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரண்டு மடங்கு வேகமா முதுமையடையும். எல்லாரும் ஒரே நேரத்தில் 20-ல் வைக்கும் மத்தியானம்தான் அது மூச்சுத் திணறும் மத்தியானம்.

ஆனால் ரிமோட் யார் கையில் என்பதைப் பேசாமல் ‘24-ல் வைங்க’ன்னு உபதேசம் மட்டும் செய்வது எனக்குப் பிடிக்கல. நான் முன்னால் இருந்த கட்டடத்தில் குளிர்ச்சி மையச் சில்லரிலிருந்து வரும், பில் தனி. இரண்டு கான்ட்ராக்ட்டுக்கு நடுவில் 40 நாள் ஊருக்குப் போனேன். எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் பில் காத்திருந்தது: பயன்படுத்தினது கிட்டத்தட்ட பூஜ்யம், ‘கெப்பாசிட்டி சார்ஜ்’ முழுசா. சும்மா நின்னாலும் 693 வாட் தின்னும் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான், என்ன, ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற நாகரிகம் மட்டும் இல்லை. நான் எவ்வளவு சேமிச்சாலும் அந்த வரி அசையாது. மேற்குப் பார்த்த முழுக் கண்ணாடிச் சுவரை நான் கட்டல, அதை மாத்தவும் முடியாது. ஒரு ரூமில் ஆறு பேர் தங்கும் கட்டடங்களில் தெர்மோஸ்டாட்டே பூட்டின பெட்டிக்குள் இருக்கும்.

இதை துபாய் அரசு புரிஞ்சுக்காமல் இல்லை. 2014 முதல் புதுக் கட்டடங்கள் எல்லாத்துக்கும் பசுமைக் கட்டட விதி கட்டாயம். பழைய கட்டடங்களைச் சீர்செய்ய 2013-ல் எதிஹாத் எஸ்கோ தொடங்கினாங்க, 2030-க்குள் 30,000 கட்டடம் இலக்கு. நான் காசு போடச் சொல்வது இந்த மாதிரி இடங்களில்: கண்ணாடி, கூரைக் காப்பு, சில்லர். அதைச் செய்ய வேண்டியவர் கட்டட உரிமையாளர், பில் கட்டுவது குடியிருப்பவர். இந்த இருவரும் வேறவேற ஆளா இருக்கும்வரை உரிமையாளருக்கு அவசரம் வராது. போஸ்டர் ஒட்ட வேண்டிய சுவர் அவர் ஆபீஸ் சுவர்.

உங்களில் பலர் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ அப்பா அம்மா வீட்டை விட்டுத் தனியா ஃப்ளாட் தேடப் போறீங்க. ஏஜென்ட்கிட்ட நீச்சல் குளம் இருக்கான்னு கேட்பதற்கு முன்னால் கேளுங்க: சில்லர் யார் கட்டுறது? கெப்பாசிட்டி சார்ஜ் மாசத்துக்கு எவ்வளவு? தெர்மோஸ்டாட் ரூமுக்குள்ளேயா? பெரிய ஜன்னல் எந்தத் திசை? முன்னால் இருந்தவரின் ஆகஸ்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்க. காட்டத் தயங்கினால் அடுத்த ஃப்ளாட்டைப் பார்க்கப் போங்க.